கதவுக்குமிழும் நாதாங்கியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது ‘கதவுக்குமிழ்’ என்ற சொல்லைப் போகிற போக்கில் பயன்படுத்தியிருந்தேன். அது என்ன சொல், எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களைக் கதவுக்கே விட்டுவிட்டேன். கேள்வி அனுப்பியவர்களை ஊர்ப்பெயரால் மட்டும் குறித்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். ‘டோர்நாப்’ வரும் இடங்களில் அகராதியைப் பார்த்துக் ‘கதவுக்குமிழ்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த அம்மா, “குமிழைத் திருகினான்னா யாருக்குட்டி வெளங்கும்? கைப்பிடின்னு எழுது” என்கிறார். எது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே சொல் அல்ல. ஆங்கிலத்தில் ‘நாப்’ என்பது உருண்டு புடைத்து நிற்கும் எதையும் குறிக்கும். மரத்தின் கணுவைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொற்களோடு அதற்கு உறவு உண்டு. எனவே ‘டோர்நாப்’ என்பது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். கையால் பற்றித் திறக்கிற எந்த உறுப்புக்கும் பொதுவாக அவர்களிடம் ‘டோர் ஹேண்டில்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. அது நீளமாகவும் இருக்கலாம், வளைந்தும் இருக்கலாம், உருண்டையாகவும் இருக்கலாம். உங்கள் அம்மா சொல்லும் ‘கைப்பிடி’ இந்த இரண்டாவது சொல்லுக்கு நேரானது. குமிழ் எல்லாம் கைப்பிடிதான், ஆனால் கைப்பிடி எல்லாம் குமிழ் அல்ல.

‘குமிழ்’ என்பதை யாரோ அகராதிக்காரர் மேசையில் அமர்ந்து உண்டாக்கிய சொல்லாக நினைத்துவிட வேண்டாம். நீரில் எழும்புவது குமிழி. பாதக்குறட்டில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நிற்கும் உருண்டைக்குக் குமிழ் என்றே பெயர். வால்வு வானொலி இருந்த வீடுகளில் குமிழைத் திருகித்தான் நிலையம் பிடித்தார்கள். குமிழம்பூவை மூக்குக்கு உவமை சொல்லாத பழம்புலவர் குறைவு. அப்பர் பெருமானின் ‘குமிண்சிரிப்பு’கூட இந்தச் சொல்லின் உறவுதான். அப்படியிருந்தும் கதவில் இருப்பதை நாம் பேச்சில் குமிழ் என்று சொல்வதில்லை. காரணம் சொல்லில் இல்லை, கதவில் இருக்கிறது.

மேலைநாட்டுக் கதவில் அந்த உருண்டை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. கதவை இழுப்பதற்குப் பிடியும் அதுவே. உள்ளே இருக்கும் நாக்கை, அதாவது கதவோரத்திலிருந்து நீண்டு சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் துண்டை, பின்னுக்கு இழுத்துக் கதவை விடுவிக்கும் விசையும் அதுவே. நம் பழைய கதவில் இந்த இரண்டு வேலைகளும் இரண்டு பொருள்களிடம் இருந்தன. இழுப்பதற்கு வளையம், பிணைப்பதற்குத் தாழோ கொண்டியோ நாதாங்கியோ. இரண்டையும் சேர்த்துச் செய்யும் பொருள் நம்மிடம் இல்லாததால், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல்லும் பிறக்கவில்லை. ஆகவே மொழிபெயர்க்கும்போது ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குமிழ் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும். பக்கம் முழுவதும் ஒரே சொல்லைப் போட்டு நிரப்பினால் உங்கள் அம்மா மறுபடியும் கோபித்துக்கொள்வார்.

சில வாக்கியங்களை வைத்துப் பார்ப்போம். ஒருத்தி அறையை விட்டுப் போக எழுந்து, குமிழில் கை வைத்தபடி ஒரு கணம் தயங்குகிறாள் என்று மூலத்தில் இருந்தால், “கதவில் கை வைத்தவள் ஒரு கணம் நின்றாள்” என்றாலே போதும். அங்கே குமிழுக்கு வேலையில்லை, தயக்கத்துக்குத்தான் வேலை. பளபளக்கும் பித்தளை உருண்டையில் ஒருவன் தன் முகம் சப்பையாகத் தெரிவதைப் பார்க்கிறான் என்றால் ‘குமிழ்’ இல்லாமல் முடியாது. நீண்ட கைப்பிடியில் முகம் அப்படித் தெரியாது. நள்ளிரவில் கட்டிலில் படுத்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாகத் திரும்புகிறது என்றால், “குமிழ் மெல்லத் திரும்பியது” என்று எழுதுங்கள். “கைப்பிடி அசைந்தது” என்று எழுதினால் அந்தப் பயம் வராது. வினைச்சொல்லையும் கவனியுங்கள். குமிழைத் திருகுவோம், நீண்ட கைப்பிடியை அழுத்துவோம், வளையத்தை இழுப்போம். பெயர்ச்சொல் வாசகருக்குப் புதிதாக இருந்தாலும் ‘திருகினான்’ என்ற வினை அதை விளக்கிவிடும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். பழைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ‘டோர்நாப்’ வந்த இடத்திலெல்லாம் ‘தாழ்ப்பாள்’ என்று போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். தாழ்ப்பாள் உள்ளே இருப்பது. வெளியிலிருந்து வருகிறவன் தாழ்ப்பாளைத் திருகி உள்ளே வந்தான் என்றால், அவன் கதவைத் துளைத்துக்கொண்டு கைவிட்டான் என்றாகும்.

கல்லிடைக்குறிச்சி, வாசகர்: எங்கள் பூர்விக வீட்டை இடிக்கப் போகிறோம். அதற்குமுன் தலைவாசல் கதவின் உறுப்புகளுக்கெல்லாம் என்ன பெயர் என்று எழுதிவைக்க ஆசை. ஆச்சி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் குறித்துவைக்கவில்லை.

இடிப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிது. கீழிருந்து மேலே போவோம். உங்கள் கதவைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீல் இருக்காது. கதவுப் பலகையின் ஓரத்தில், மேலும் கீழும், பலகையோடு ஒரே துண்டாக ஒரு முளை நீண்டிருக்கும். அதன் பெயர் குடுமி. கீழ்க்குடுமி வாசற்படியில் வெட்டிய குழியில் இறங்கியிருக்கும். மேல்குடுமி நிலையின் மேற்பகுதியில் உள்ள துளையில் நுழைந்திருக்கும். கதவின் பாரம் முழுவதும் அந்தக் கீழ்க்குழியின்மேல் சுழல்கிறது. அதனால்தான் இரண்டாள் சேர்ந்து தூக்க வேண்டிய கதவையும் பத்து வயதுப் பிள்ளை தள்ளித் திறக்க முடிந்தது. தாமிரபரணிக் கரையில் இருந்த என் ஆச்சி வீட்டில், குழியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடாவிட்டால் கதவு அழும். அந்த அழுகையின் நீளத்தை வைத்தே வருவது யார் என்று அடுக்களையிலிருந்து ஆச்சி சொல்லிவிடுவாள். தாத்தா திறந்தால் ஒரே மூச்சு, மாமா இரவில் பிந்தி வந்தால் விட்டு விட்டு மூன்று துண்டு.

கதவைச் சுற்றிச் சட்டமாக நிற்பது நிலை. வெளிப்பக்கம், ஆள் நெஞ்சளவில், பித்தளையிலோ இரும்பிலோ தொங்குவது வளையம். இழுப்பதற்கும் அதுவே, தட்டுவதற்கும் அதுவே. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது கதவில் இருக்கும் சங்கிலியையோ பட்டையையோ நிலையில் அறைந்திருக்கும் இரும்புக் காதில் மாட்டிப் பூட்டுத் தொங்கவிடுவார்கள். அந்தக் காதுதான் நாதாங்கி. சில வீடுகளில் சங்கிலியையும் சேர்த்தே நாதாங்கி என்பார்கள். நாவைத் தாங்குவது என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இன்றைய குமிழ்ப்பூட்டிலும் கதவோரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரிந்த துண்டை ஆசாரிமார் நாக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

வளைந்த கொக்கியை வளையத்தில் மாட்டுவது கொண்டி. “நடையைச் சாத்திட்டியா, கொண்டி போட்டியா?” என்ற இரண்டு கேள்விகளும் கேட்காமல் எந்த ஆச்சியும் படுத்ததில்லை. இந்த ‘நடை’யையும் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் வாசலுக்கு நடை என்ற பெயர் வீட்டிலும் உண்டு, கோயிலிலும் உண்டு. நெல்லையப்பர் கோயிலில் நடை சாத்திவிட்டார்களா என்று கேட்கிற அதே வாய், நடையில் உட்காராதே என்று பிள்ளையையும் அதட்டும். கோயில்களின் பெருங்கதவில் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும்படி வெட்டிய சிறு கதவு திட்டிவாசல். உங்கள் வீட்டில் அது இருக்காது.

உள்பக்கம் தாழ்ப்பாள். இதன் பழைய வடிவம் ‘தாழ்’. அன்புக்கும் அடைக்கும் தாழ் உண்டோ என்று வள்ளுவர் 71ஆவது குறளில் கேட்பது இதைத்தான். 1251ஆவது குறளில் நிறை என்னும் கதவுக்கு நாணத்தைத் தாழாக்கி, காமத்தைக் கோடரியாக்கி உடைக்கிறார். இந்த இரண்டு இடங்களிலும் கதவை உறுதியாக்குவது தாழ்தான், பிடி அல்ல. தாழிடு, தாளிடு என்று இருவகையாகவும் எழுதுகிறார்கள். நான் ழகரத்தோடு எழுதுவேன். மலைக்கு அப்பால் மலையாளத்தில் ‘தாழ்’ என்றால் பூட்டு, ‘தாக்கோல்’ என்றால் சாவி. நாஞ்சில் நாட்டுப் பக்கம் தாக்கோல் என்பது தமிழாகவே புழங்குகிறது. தாழைத் திறக்கும் கோல் என்பதைவிடத் தெளிவான பெயர் வேறு வேண்டுமா? நாமோ அதைவிட்டு, போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ‘சாவி’யைப் பிடித்துக்கொண்டோம். ஜன்னலும் அலமாரியும்கூட அந்தக் கப்பலில் வந்தவைதான். கதவு மட்டும் தமிழாகவே நின்றுவிட்டது.

கதவை இடிபாட்டோடு விற்றுவிடாதீர்கள். குறைந்தது அந்த வளையத்தையாவது கழற்றி வையுங்கள்.

தென்காசி, ஏழாம் வகுப்பு மாணவர்: ‘நாப்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ‘கே’ எழுத்து வருகிறது. அதை ஏன் உச்சரிப்பதில்லை?

ஒருகாலத்தில் உச்சரித்தார்கள். கத்தி, முழங்கால், முடிச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் அதே எழுத்தில் தொடங்குபவைதான். ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலேயர் வாயிலிருந்து அந்த ஒலி உதிர்ந்துவிட்டது. எழுத்து மட்டும் பழைய வீட்டு வாசலில் பெயர்ப்பலகைபோல் தங்கிவிட்டது. ஜெர்மானியர் இன்றும் முழங்காலைக் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் தமிழில் ‘நாப்’ என்று எழுதுங்கள். கடைத்தெருவில் ‘நாபு’ என்பார்கள். பல்பு, டியூபு போல வல்லொலியில் முடியும் சொல்லுக்குப் பின்னே ஓர் உகரத்தை ஒட்டிவைப்பது நம் நாவின் பழக்கம், அதில் தவறொன்றும் இல்லை.

வள்ளியூர், வாசகர்: புது வீடு கட்டுகிறோம். உள்ளறைக் கதவுகளுக்கு ‘ரவுண்டு லாக்’ போட்டால் செலவு குறையும் என்கிறார் ஆசாரி. வீட்டில் எழுபத்தாறு வயதுத் தாயார் இருக்கிறார். விரல் மூட்டுகளில் வலி. எதைப் போடலாம்?

குமிழைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டு அதைப் போடாதீர்கள் என்று சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்கிறேன்: தாயார் அறைக்கும் குளியலறைக்கும் குமிழ் வேண்டாம், நீண்ட கைப்பிடியாகப் போடுங்கள்.

கணக்கு எளியது. குமிழின் மையத்திலிருந்து விளிம்புவரை இரண்டரை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இராது. நீண்ட கைப்பிடி பதினொரு, பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நாக்கை உள்ளிழுக்கத் தேவையான திருப்புவிசை இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், நீண்ட கைப்பிடியின் நுனியில் நான்கில் ஒரு பங்கு விசை போதும். திருகையின் கைப்பிடி கற்றுத்தந்த பாடந்தான் இது. இன்னொன்றும் உண்டு. குமிழைத் திருப்ப வேண்டுமானால் முதலில் விரல்களை மடக்கி அதை இறுகப் பிடிக்க வேண்டும். கை ஈரமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் வழுக்கும். கைப்பிடியை முழங்கையாலும் அழுத்தலாம். மூட்டுவலிக்காரருக்கு இந்த இறுக்கிப் பிடிப்பதுதான் வேதனை.

கனடாவின் வான்கூவர் நகரம் 2013இல் தன் கட்டட விதிகளைத் திருத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளில் குமிழுக்குப் பதில் நீண்ட கைப்பிடியே இருக்க வேண்டும் என்று சொன்னது. 2014 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் அணுகல் விதிகளும், பொது இடத்துக் கதவை இறுகப் பிடிக்காமலும் மணிக்கட்டைத் திருகாமலும் ஒரு கையால் திறக்க முடிய வேண்டும் என்கின்றன. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பொதுக் கட்டடங்களில் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. சொந்த வீட்டுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம், தாயாரின் விரல்களைப் பார்த்தால் போதும்.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு தங்கும் விடுதியில் குளித்து முடித்துக் குளியலறைக் குமிழைத் திருகினேன். குமிழ் தனியாகக் கையோடு வந்துவிட்டது. கதவில் ஓட்டை, ஓட்டைக்குள் பிளவுபட்ட ஒரு சிறு குழல், அவ்வளவுதான். கைப்பேசி கட்டிலில். தோளில் ஈரத்துண்டு. கத்திப் பார்த்ததில் பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் சத்தம்தான் கூடியது. முகச்சவரப் பையில் இருந்த மீசை கத்தரிக்கோலின் நுனியை அந்தப் பிளவில் கொடுத்து மெல்லத் திருப்பினேன். நாலாவது முறை நாக்கு ‘டக்’கென்று உள்ளே போயிற்று. குமிழ்ப்பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது: குமிழ் நாக்கைத் தொடுவதே இல்லை, அது ஒரு குழலைத் திருப்புகிறது, குழல் நாக்கை இழுக்கிறது, வில்சுருள் அதை மறுபடியும் வெளியே தள்ளுகிறது.

ஆசாரி சொல்லும் செலவுக் கணக்கு பொய்யல்ல. ரவுண்டு லாக்குக்குப் பலகையின் முகத்தில் சுமார் 54 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை, ஓரத்திலிருந்து நாக்குக்காக ஒரு சிறு துளை, இரண்டையும் போட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மார்டைஸ் லாக் என்றால் உளியால் ஓரத்தைக் குடைந்து பெட்டியையே உள்ளே இறக்க வேண்டும். ஆனால் அதே வட்டத்துளையில் பொருந்துகிற நீண்ட கைப்பிடிப் பூட்டும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது கதவோரத்திலிருந்து துளையின் மையம் 60 மில்லிமீட்டரா, 70 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் இரண்டு நடை. குளியலறைக்கு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும்படியான வகையே நல்லது. ஓர் எச்சரிக்கை: குற்றாலம், பாபநாசம் பக்கம் உறவினர் வீடு இருந்தால் வெளிக்கதவுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். நீண்ட கைப்பிடியைத் தொங்கித் திறக்கக் குரங்குக்கு அதிக நாள் ஆகாது.

பேட்டை, வாசகர்: ஒரு வினாடி வினாவில் கதவுக்குமிழைக் கண்டுபிடித்தவர் ஆஸ்பர்ன் டார்சி, ஆண்டு 1878 என்று சொன்னார்கள். உண்மையா?

டார்சி என்ற அமெரிக்கர் 1878இல் கதவைப் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றது உண்மை. அதை வைத்துக் குமிழையே அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது உண்மையல்ல. குமிழ் அதற்கு முன்பே அமெரிக்க நீதிமன்றம்வரை போய்விட்டது. 1841இல் ஹாட்ச்கிஸ் என்பவரும் கூட்டாளிகளும் கதவுக்குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். மண்ணுருண்டையில் உலோகத் தண்டைப் பொருத்தும் உத்தி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாக மண் வந்தது ஒன்றே புதுமை. வேறொருவர் அதையே செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தொழில் தெரிந்த எந்தக் கைவினைஞரும் செய்துவிடக்கூடிய மாற்றத்தைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது என்று 1851இல் தீர்ப்பு வந்தது. காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் அந்த மண்குமிழ் வழக்கிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. காருகுறிச்சிக் குயவரிடம் ஓர் உருண்டை காட்டியிருந்தால் அவரும் மறுநாளே செய்து தந்திருப்பார். நீதிபதிகள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். மரத்தில் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசல்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்று நாம் ரவுண்டு லாக் என்று வாங்குகிற, துளையிட்டுப் பொருத்தும் உருளைப்பூட்டைப் பரவலாக்கியவர் வால்டர் ஷ்லேகே. அவர் சான் பிரான்சிஸ்கோவில் 1920இல் நிறுவனம் தொடங்கினார். குமிழின் நடுவில் ஒரு பொத்தானை அழுத்திப் பூட்டும் வசதி அவர் பெயரோடு சேர்ந்தது.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட், செவிலியர் பயிற்சி மாணவி: ஆங்கிலப் பாடநூல் ஒன்றில், நோயாளி ‘டோர்நாப்’பில் கைவைத்துச் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று படித்தேன். எங்கள் வெளிநோயாளர் அறையில் குமிழே கிடையாதே, இதை எப்படிப் புரிந்துகொள்வது?

அருமையான கேள்வி. ஆங்கிலம் பேசும் மருத்துவர்களிடமும் மனநல ஆலோசகர்களிடமும் புழங்கும் தொடர் இது. நோயாளி பத்து நிமிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, வெளியே போகக் குமிழில் கை வைத்தபிறகு திரும்பி, “இன்னொன்று…” என்பார். அவர் வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான். அச்சமோ வெட்கமோ அதை அதுவரை அடக்கி வைத்திருக்கும். போகப்போகிறோம் என்ற தைரியம் வந்தபிறகுதான் வாய் திறக்கும்.

உங்கள் அறையில் குமிழ் இல்லாவிட்டாலும் அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சைத் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே போனபிறகு, “பெறவு ஒண்ணு தாயி, ராத்திரி படுத்தா நெஞ்சுல கல்லு வச்சாப்புல இருக்கு, அது ஒண்ணுஞ்செய்யாதுல்லா?” என்று ஒரு பெரியவர் கேட்பார். கூட வந்த மகன் மாத்திரை வாங்கப் போன பிறகுதான் அதைக் கேட்பார் என்பதையும் கவனித்திருப்பீர்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டாகிவிட்டது என்றாலும், அந்தப் பெரியவரைத் திரும்ப உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பாடநூல் சொல்வது.

நம் வீடுகளில் விருந்தாளிகள் இதை நோயில்லாமலே செய்கிறார்கள். பட்டாசலில் ஒரு மணி நேரம் மழையையும் விலைவாசியையும் பேசிவிட்டு, “அப்ப வாரோம்” என்று எழுந்து, செருப்பில் கால் நுழைத்தபிறகுதான் பெண்ணுக்கு வரன் பார்க்கும் செய்தி வெளியே வரும். ஆகவே இந்தத் தொடரைக் ‘கதவுக்குமிழ்ப் பேச்சு’ என்று பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. ‘வாசற்படிப் பேச்சு’ என்று எழுதுங்கள்; நம்மூர்க்காரர் விளக்கம் கேட்க மாட்டார்.

குமிழைவைத்து ஆங்கிலத்தில் வசையும் உண்டு. ஒருவனைக் கதவுக்குமிழ்போல் மந்தமானவன் என்றால் நம் ‘மரமண்டை’ என்று பொருள். செத்ததைக் ‘கதவாணிபோல் செத்தது’ என்பது வேறு தொடர், மிகப் பழையது. அங்கே இருப்பது ஆணி, குமிழ் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உவரி, வாசகர்: கடலோரத்தில் இருக்கிறோம். இரும்புக் கைப்பிடி ஓராண்டு தாங்குவதில்லை. பித்தளை போட்டால் கிருமியும் சாகும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஓர் அளவுக்கு. செம்பும் செம்பு கலந்த பித்தளையும் தம்மேல் படும் பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடியவை. 1983இல் ஃபிலிஸ் கூன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் கதவுக்குமிழ்களிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, பித்தளைக் குமிழ்களில் கிருமி சொற்பமாகவும் பளபளவென்று சுத்தமாகத் தெரிந்த துருவேறா எஃகில் மிகுதியாகவும் இருந்தன. 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பும் செம்புக் கலவைகளைக் கிருமிக்கொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. ஆனால் கொல்வதற்கு அவற்றுக்கு நேரம் வேண்டும். ஒருவர் தொட்ட மறுநொடி அடுத்தவர் தொட்டால் பித்தளை ஒன்றும் செய்யாது. மங்காமல் இருக்க மேலே வார்னிஷ் பூசிய பித்தளை என்றால் அந்தக் குணமும் போயிற்று. உப்புக்காற்றில் பித்தளைக்குக் களிம்பு ஏறும், ஆனால் இரும்பைப்போல் அரித்து உதிராது. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் நாளில் இதற்கும் ஒரு கை தேய்த்துவிடுங்கள். எஃகுதான் வேண்டுமென்றால் 316 என்று தரம் குறித்ததைக் கேளுங்கள்.

சங்கரன்கோவில், வாசகி: எங்கள் வீட்டுக் கதவுக்குமிழ் ஆடுகிறது. திருகாணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நானே இறுக்க முடியுமா?

முடியும். உள்பக்கக் குமிழின் கழுத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளையோ சிறு பிளவோ இருக்கும். அதில் கொண்டையூசியைக் கொடுத்து அழுத்திக்கொண்டே குமிழை இழுத்தால் கழன்றுவரும். பின்னால் இருக்கும் வட்டத் தகட்டை மெல்ல நெம்பினால் இரண்டு திருகாணிகள் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் இறுக்கினால் குமிழ் ஒருபக்கம் சாய்ந்து நாக்கு சிக்கும். திருப்புவதற்குக் கடினமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளை நாக்கின்மேல் தடவினால் போதும்.